டீலர் டூர் போகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவை

2023 நவம்பரில் இந்தியர்களை விசா இல்லாமல் தாய்லாந்து அனுமதிக்கத் தொடங்கியதிலிருந்து, எனக்கு வரும் கடிதங்களில் பட்டாயா என்ற பெயர் அடிக்கடி தென்படுகிறது. 2024இல் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அந்த நாட்டுக்குப் போய்வந்திருக்கிறார்கள். கோயில், கடற்கரை, கடைவீதி பார்க்கப் போனவர்கள்தான் பெரும்பாலோர். மீதிப் பேர் எனக்கு எழுதுகிறார்கள், அவர்களுடைய மனைவிமாரும் எழுதுகிறார்கள். சேர்ந்துபோன கடிதங்களுக்கு இந்த வாரம் மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். பெயின்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். டார்கெட் முடித்த டீலர்களைக் கம்பெனி பாங்காக், பட்டாயா அழைத்துப் போகிறது. ஏற்கெனவே போய்வந்த நண்பர்கள், "அங்கே அந்தப் பெண்களுக்கு அரசாங்கமே வாராவாரம் செக்கப் பண்ணி கார்டு கொடுக்கிறது, காண்டம் எல்லாம் தேவையில்லை" என்கிறார்கள். உண்மையா?
– பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

தம்பி, உங்கள் நண்பர்கள் சொல்வதில் 30 வருடத்துக்கு முந்தைய ஓர் உண்மை இருக்கிறது. அதைத் தலைகீழாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

தாய்லாந்தில் முதல் எய்ட்ஸ் நோயாளி 1984இல் கண்டறியப்பட்டார். 1987ஐ அந்த நாடு சுற்றுலா ஆண்டாகக் கொண்டாடியது. எய்ட்ஸ் என்று உரக்கப் பேசினால் பயணிகள் வர மாட்டார்கள் என்ற பயத்தில் பலர் வாயை மூடிக்கொண்டிருந்த காலம் அது. கிருமி அதற்காகக் காத்திருக்கவில்லை. 1989இல் ராட்சபுரி என்ற மாகாணத்தில் விவத் ரோஜனபித்தயகோன் என்ற அரசு மருத்துவர் ஒரு விதியைக் கொண்டுவந்தார். மாகாணத்தில் உள்ள எல்லா விடுதிகளிலும், எல்லா வாடிக்கையாளருக்கும், எல்லா நேரமும் ஆணுறை கட்டாயம். மறுப்பவனுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட வேண்டும்.

'எல்லா' என்பதில்தான் சூட்சுமம். ஒரே ஒரு விடுதி மட்டும் கண்டிப்பாக இருந்தால் வாடிக்கையாளன் பக்கத்து விடுதிக்குப் போய்விடுவான். நஷ்டம் கண்டிப்பாக இருந்தவளுக்கு. ஊரில் உள்ள அத்தனை விடுதியும் ஒரே பேச்சைப் பேசினால் அவன் எங்கே போவான்? ஆணுறைகளை அரசாங்கமே இலவசமாகக் கொடுத்தது. கண்காணித்த விதமும் கெட்டிக்காரத்தனமானது. வெட்டை (கொனோரியா) நோயோடு ஓர் ஆண் அரசு கிளினிக்குக்கு வந்தால், எந்த விடுதிக்குப் போனாய் என்று மட்டும் கேட்டார்கள். அந்த விடுதியின் முதலாளி வாசலுக்கு அதிகாரி போய் நின்றார். முதலில் எச்சரிக்கை, கேட்காவிட்டால் பூட்டு. பொறுப்பு முதலாளியின் தலையில். 1991இல் இது நாடு முழுவதற்குமான திட்டமானது. வணிகப் பாலுறவில் ஆணுறைப் பயன்பாடு 1989இல் 14 சதவீதமாக இருந்தது, 1993க்குள் 90 சதவீதத்தைத் தாண்டியது. அரசு கிளினிக்குகளுக்கு முக்கியமான ஐந்து பால்வினை நோய்களோடு வந்த ஆண்களின் எண்ணிக்கை அதே காலத்தில் 79 சதவீதம் குறைந்தது.

இப்போது நண்பர்களின் கார்டுக்கு வருவோம். பரிசோதனையும் அங்கே நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் நோயைக் குறைத்தது ஆணுறை. திங்கட்கிழமை ஒரு பெண்ணைப் பரிசோதித்து 'நோய் இல்லை' என்று எழுதிக் கொடுத்தால் அது திங்கட்கிழமைக்கு மட்டும் செல்லும். செவ்வாய் இரவு வருகிறவனை யார் பரிசோதித்தார்கள்? அவன் ஈரோட்டிலிருந்தும் வந்திருக்கலாம். உங்கள் குழுவில் எத்தனை பேர் ரத்தம் சோதித்துவிட்டு விமானம் ஏறுகிறீர்கள்?

இன்னொன்று. அந்த விதி நான்கு சுவர் விடுதிகளுக்காக எழுதப்பட்டது. பட்டாயாவில் நீங்கள் பார்க்கப்போவது பார்கள், மசாஜ் கடைகள், கடற்கரைச் சாலையில் தனியாக நிற்கும் பெண்கள், இப்போது கைப்பேசி ஆப்களும். ஒரு பாரில் வேலை செய்யும் பெண்ணை வெளியே அழைத்துப் போக வேண்டுமானால் பாருக்கு ஒரு தொகை கட்டுகிறார்கள், 'பார் ஃபைன்' என்று அதற்குப் பெயர். கட்டிய கையோடு பார்க்காரரின் பொறுப்பு முடிந்தது. அப்புறம் நடப்பதெல்லாம் உங்கள் ஓட்டல் அறையில். சாவி உங்களிடம், பணம் உங்களிடம். அவளுக்கு மொழி தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அந்தப் பெண் அதுவரை பாரில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்றும் யோசியுங்கள். வாடிக்கையாளர் வாங்கிக் கொடுக்கும் ஒவ்வொரு கோப்பைக்கும் அவளுக்குக் கமிஷன். அதனால் அவளும் குடித்தாக வேண்டும். நீங்கள் எப்படியும் குடித்திருப்பீர்கள். குடித்த இரண்டு பேரில் யார் ஞாபகமாக உறையைப் பிரிப்பது?

என்னிடம் சிகிச்சைக்கு வந்த நம்மூர் வியாபாரிகள் பலர் வெட்கமில்லாமல் சொன்ன ஒன்றையும் எழுதிவிடுகிறேன். முதலில் கறிகாய்க் கடை மாதிரி பேரம் பேசி ரேட்டைக் குறைத்திருக்கிறார்கள். அறைக்குப் போனதும், குறைத்த அதே பணத்தை 'உறை இல்லாமல்' என்ற நிபந்தனையோடு திரும்ப நீட்டியிருக்கிறார்கள். டிசம்பரில் கூட்டம் நிறைய இருக்கும்போது ஒரு பெண் இதை மறுத்துவிடலாம். மழைக்காலத்தில், பார் காலியாகக் கிடக்கும் மாதத்தில், வடகிழக்கே ஈசான் பகுதியில் அவள் அம்மாவிடம் வளரும் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய வாரத்தில் மறுப்பது கஷ்டம். மியான்மரிலிருந்தோ கம்போடியாவிலிருந்தோ காகிதம் இல்லாமல் வந்தவளுக்கு இன்னும் கஷ்டம். தாய்லாந்துச் சட்டத்தில் பாலியல் தொழில் இன்றும் குற்றம். பாதியில் உறையைக் கழற்றிவிட்டான் என்று அவள் எந்தப் போலீஸிடம் போய்ச் சொல்வாள்?

ஆகவே தம்பி, அந்த அறைக்குள் ஆணுறை வருமா வராதா என்பதை முடிவு செய்கிற வசதி பணம் கொடுக்கிறவனுக்குத்தான் இருக்கிறது. நீங்கள் கையில் எடுத்தால் எந்தப் பெண்ணும் வேண்டாம் என்று சண்டை போட மாட்டாள். அங்கே எந்த 7-இலெவன் கடையிலும் கல்லாப் பக்கத்திலேயே கிடைக்கும். பெட்டியில் 49, 52, 54 என்று அகலத்தை மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். வீறாப்புக்குப் பெரியதை வாங்கினால் வழுக்கி வந்துவிடும்.

இந்த வேலைக்கே போகலாமா வேண்டாமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

போன வாரம் பாங்காக்கில் காண்டம் கிழிந்துவிட்டது. திரும்பி வந்து இரண்டு நாள் ஆகிறது. தூக்கம் இல்லை. மூன்று மாதம் கழித்து டெஸ்ட் எடுக்கலாம் என்று மெடிக்கல் ஷாப்பில் சொல்கிறார்கள். அதுவரை என்ன செய்வது?
– ஒரு வாசகர், திருச்சி

உங்கள் கடிதம் என் கைக்கு வந்து சேர்ந்தபோதே நேரம் கடந்துவிட்டிருந்தது. உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். இங்கே அச்சில் போடுவது மற்றவர்களுக்காக.

உறை கிழிந்தாலோ, போடாமல் போனாலோ, செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. எச்.ஐ.வி. உடலில் வேர்பிடிக்காமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கினால் இன்னும் நல்லது. 28 நாள் ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட வேண்டும். பெப் என்பார்கள். 72 மணி நேரம் தாண்டிவிட்டால் அதனால் பயன் இல்லை. ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று டூர் முடியக் காத்திருப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. மூன்றாம் நாள் சஃபாரி வேர்ல்டு பார்த்துவிட்டு, நான்காம் நாள் ஷாப்பிங் முடித்துவிட்டு, ஐந்தாம் நாள் ஊருக்கு வந்தால் கதை முடிந்தது. பாங்காக்கில் தாய் செஞ்சிலுவைச் சங்கம் 1991லிருந்து பெயர் கேட்காத கிளினிக் ஒன்றை நடத்துகிறது. பாஸ்போர்ட்டைக் காட்டி மானம் போகும் என்ற பயம் வேண்டாம். பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் கிடைக்கும். இங்கே என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவு, அல்லது அங்குள்ள, எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097க்குக் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள்.

மூன்று மாதம் என்பது கடைசிப் பரிசோதனைக்கான கணக்கு. அதற்கு முன்பே, ஆறேழு வாரத்தில், கிருமியையும் எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்க்கும் பரிசோதனை செய்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். மூன்று மாதத்தில் நம்பிக்கை மையம் என்ற அரசு எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் இன்னொரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி, வெட்டை ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாருக்கும் எய்ட்ஸ் மட்டும்தான் ஞாபகம் வருகிறது. இந்த மற்ற மூன்றும் அதைவிடச் சுலபமாக ஒட்டிக்கொள்பவை. முடிவு தெரியும்வரை மனைவியோடு ஆணுறை இல்லாமல் சேரக் கூடாது. ரத்ததானமும் வேண்டாம்.

இப்படிப்பட்ட அசிங்கங்களைக் குடும்பப் பத்திரிகையில் எழுதத்தான் வேண்டுமா? என் மருமகள் படிக்கிறாள்.
– ஒரு மூத்த வாசகி, கும்பகோணம்

படிக்கட்டும் அம்மா. அடுத்த கடிதம் ஒரு மருமகளுடையதுதான்.

என் கணவர் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். போன மாதம் சங்கத்துக்காரர்களோடு தாய்லாந்து போய்வந்தார். துணி துவைக்கப் பையைக் காலி செய்தபோது ஆணுறைப் பாக்கெட் ஒன்று கிடைத்தது. பத்து இருந்திருக்க வேண்டியதில் ஆறுதான் இருந்தது. கேட்டால் நண்பனுடையது என்கிறார். இரண்டாவது குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தோம். எனக்குக் கோபப்படுவதா, பாதுகாப்பாக இருந்திருக்கிறாரே என்று நினைத்துக்கொள்வதா, தெரியவில்லை.
– பெயர் வேண்டாம், நாமக்கல்

கோபப்படுங்கள். அதற்கு என் அனுமதி வேண்டாம். இரண்டாவது நினைப்பு வருவதும் தப்பில்லை. நாமக்கல், சங்ககிரிப் பக்கத்துப் பெண்கள் 1990களில் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அழுதபோது, அவர்களில் பலருக்குப் பாக்கெட்டைக் கண்டுபிடிக்கிற வாய்ப்புக்கூட இருந்ததில்லை.

கணக்குப் பார்ப்பதால் விடை வராது. ஆறு மீதி இருக்கிறது என்றால் நான்கு பயன்பட்டது என்றுதான் அர்த்தம். ஐந்தாவது முறை ஒன்று இருந்ததா என்று பாக்கெட் சொல்லாது. வாய்வழி உறவுக்கு உறை போட வேண்டும் என்று நம் ஆட்கள் நினைப்பதே இல்லை. சிபிலிஸும் வெட்டையும் அந்த வழியாகவும் வரும். உறை மூடாத தோலில் பட்டாலே தொற்றும் ஹெர்பிஸ், மருக்களை உண்டாக்கும் எச்.பி.வி. என்று வேறு சிலவும் உண்டு.

அதனால் நண்பனுடையதா, இவருடையதா என்ற வழக்கை இப்போதைக்கு ஒத்தி வையுங்கள். அவரிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "குழந்தைக்கு முயற்சி செய்வதற்கு முன்னால் நாம் இரண்டு பேரும் பரிசோதனை செய்துகொள்வோம்." இரண்டு பேரும் என்று சொன்னால் பெரும்பாலான ஆண்கள் வந்துவிடுகிறார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் சுகவாழ்வு மையம் என்று பலகை போட்டிருப்பார்கள், பால்வினை நோய்களுக்கான இடம் அது. எச்.ஐ.வி.க்கு நம்பிக்கை மையம். இரண்டும் இலவசம். உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யவோ, முடிவை ஊரில் சொல்லவோ 2017ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருவதில்லை. சொந்த ஊரில் தெரிந்த முகம் இருக்கும் என்று கூச்சமாக இருந்தால் சேலத்துக்குப் போங்கள்.

குழந்தை விஷயத்தைச் சொன்னதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். வெட்டையும் கிளமிடியாவும் ஆணுக்குப் பெரும்பாலும் எரிச்சல், சீழ் என்று காட்டிக்கொடுக்கும். பெண்ணுக்கு ஒன்றுமே தெரியாமல் உள்ளே போய்க் கருக்குழாயை அடைத்துவிடலாம். "இரண்டாவது தங்கவில்லை" என்று வருடக்கணக்கில் கோயில் கோயிலாகச் சுற்றிய சில தம்பதியருக்கு மூலகாரணம் இதுவாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். சிபிலிஸ் கர்ப்பத்தில் குழந்தைக்கும் போகும், ஆனால் நேரத்தில் கண்டுபிடித்தால் பென்சிலின் ஊசியில் தீரும். மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். மூன்று மாதக் கணக்கு முடியும்வரை அவர் ஆணுறை போட்டுக்கொள்ள வேண்டும். மீதி ஆறு வீட்டிலேயே இருக்கிறதே.

அவர் ஒரேயடியாக மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போங்கள். மனைவி தனியாக வந்து நிற்பது அங்கே ஒன்றும் அதிசயமில்லை.

வருடத்துக்குப் பல குழுக்களைத் தாய்லாந்து, மலேசியா அழைத்துப் போகும் டூர் மேனேஜர் நான். இரவில் ஆட்கள் எங்கே போகிறார்கள் என்று எனக்குத் தெரியும், கேட்கக்கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். ஆனால் மறுநாள் காலை பயந்துபோய் என்னிடம்தான் வருகிறார்கள். பஸ்ஸில் மைக் பிடித்து இதையெல்லாம் பேச முடியுமா மேடம்?
– டூர் மேனேஜர், சென்னை

முடியும். பாஸ்போர்ட் பத்திரம், தண்ணீர் பாட்டில் பத்திரம் என்று சொல்வீர்களே, அந்த வரிசையில் அதே குரலில் சொல்லுங்கள். குரலைத் தாழ்த்தினால்தான் பின்சீட்டில் சிரிப்பார்கள்.

என்ன சொல்வது? முதலாவது, ஆணுறை வாங்கும் வேலையைச் சாயங்காலமே முடிக்கச் சொல்லுங்கள், சரக்குக்கு முன்னால். நடுராத்திரியில் அந்தப் பெண் வைத்திருப்பாள் என்று நம்பிப் போகிறார்கள். கையில் நிறைய ஆணுறை இருந்தால் போலீஸ் அதையே சாட்சியாக்கும் என்ற பயத்தில் அவள் எடுத்து வராமல் இருக்கலாம். ஆசியாவின் பல ஊர்களில் இந்தத் தொல்லை இருக்கிறது, தாய்லாந்திலும் இந்தப் புகார் உண்டு. ஒரு பக்கம் சுகாதாரத் துறை இலவசமாகக் கொடுக்க, மறுபக்கம் காவல்துறை அதையே குற்றத்துக்கு அடையாளமாக எடுத்தால் எந்தத் திட்டம் விளங்கும்?

இரண்டாவது, 'நல்ல பெண்ணாகத் தெரிகிறாள்' என்ற பேச்சு. உங்கள் குழுவினர் நான்கு நாளில் வந்துவிடுவதால் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் அதே ஆள் அடுத்த வருடமும் போய் அதே பெண்ணைத் தேடுவார். வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள், நடுவில் அவர் கொஞ்சம் பணமும் அனுப்பியிருப்பார். இப்போது அவர் வாடிக்கையாளர் இல்லை, 'பாய்ஃப்ரெண்ட்'. உறை அங்கேதான் முதலில் கழன்று போகிறது. புது ஆளிடம் கறாராக இருக்கும் பெண்கள்கூடப் பழகியவரிடம் விட்டுவிடுகிறார்கள். பாசத்தைக் காட்ட அவளிடம் இருக்கும் ஒரே வழி அது என்று அவள் நினைக்கலாம். வாரக்கணக்கில் ஒரே பெண்ணோடு தங்கும் ஐரோப்பியர்களிடமும் இதே கதைதான். அந்த 'பாய்ஃப்ரெண்ட்' வேறு மூன்று பேருக்கும் 'பாய்ஃப்ரெண்ட்' தோரணை காட்டுகிறவராக இருக்கலாம்.

மூன்றாவது, மைக்கில் கட்டாயம் சொல்ல வேண்டியது. 18 வயதுக்குக் குறைந்தவரிடம் போவது அங்கே கடும் குற்றம். இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் செய்த குற்றத்துக்கு இந்தியாவிலும் வழக்குப் போட நம் சட்டத்தில் இடம் இருக்கிறது. 'வயது 20 என்று சொன்னாள்' என்பது உங்களைக் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். சந்தேகம் வந்த இடத்தில் எழுந்து வந்துவிட வேண்டும், டூர் மேனேஜரிடமோ போலீஸிடமோ சொல்ல வேண்டும். இதில் தொழில் தர்மம் என்று நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் உங்களோடு எனக்குப் பேச்சில்லை.

72 மணி நேரக் கணக்கையும் சொல்லிவையுங்கள். காலையில் உங்களிடம் வருகிற ஆளை, "ஒன்றும் ஆகாது சார்" என்று தட்டிக்கொடுத்து அனுப்பாமல் ஆட்டோவில் ஏற்றிக் கிளினிக்குக்கு அனுப்புங்கள்.

சமூகப் பணி முதுகலை படிக்கிறேன். பணம் கொடுப்பவர் கையில்தான் எல்லாம் என்று நீங்கள் ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அந்தப் பெண்களுக்குச் சொந்தமாக எந்தச் சக்தியும் இல்லையா? ஆணுறை விநியோகம் செய்வதே தொழிலை ஊக்குவிப்பது என்று எங்கள் வகுப்பில் ஒரு விவாதம் நடந்தது. அதையும் சொல்லுங்கள்.
– ஒரு மாணவி, மதுரை

நல்ல கேள்வி. தனியாக நிற்கும் பெண்ணுக்குச் சக்தி குறைவு என்றுதான் எழுதினேன். சேர்ந்து நின்றால் கதை வேறு.

கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் சோனாகச்சிப் பகுதிக்கு வாருங்கள். அங்கே வெளிநாட்டுப் பயணிகள் பெரிதாக இல்லை, ஆனால் பாடம் எல்லா ஊருக்கும் பொது. 1992இல் ஸ்மரஜித் ஜனா என்ற மருத்துவர் அங்கே நோய்த் தடுப்பு வேலைக்குப் போனார். அந்தப் பெண்களில் இருந்தே சிலரைத் தேர்ந்து பயிற்சி கொடுத்து மற்றவர்களிடம் அனுப்பினார். போகப்போகத் தெரிந்தது, பெண்களுக்கு ஆணுறை பற்றித் தெரியாமல் இல்லை. ஒரு வாடிக்கையாளனைத் திருப்பி அனுப்பினால் அன்றைய வாடகைக்கு வட்டிக்காரனிடம் போக வேண்டும், அதுதான் அவர்களைக் கட்டிப்போட்டிருந்தது. 1995இல் அவர்களே உஷா என்ற கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். சேமிப்பும் கடனும் கையில் வந்த பிறகு 'முடியாது, போ' என்று சொல்லும் தைரியமும் வந்தது. ஆணுறைத் திட்டத்துக்கும் வட்டி விகிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று உங்கள் வகுப்பில் ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.

தாய்லாந்திலும் 1985இல் எம்பவர் என்ற அமைப்பு பாங்காக்கின் பட்பொங் பகுதியில் பார்ப் பெண்களோடு வேலையைத் தொடங்கியது. அவர்கள் தொடங்கியது ஆங்கில வகுப்போடு. மேலோட்டமாகப் பார்த்தால் இதற்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை. வெளிநாட்டவனிடம் அவன் மொழியில் 'இது இல்லாமல் முடியாது' என்று சிரித்துக்கொண்டே சொல்லத் தெரிந்த பெண்ணுக்குக் கிடைக்கும் பாதுகாப்பை எந்தத் துண்டுப் பிரசுரமும் தராது. இந்தத் தொழிலில் ஆண்களும் திருநங்கைகளும் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவர்களுக்காக 2004இல் தொடங்கிய ஸ்விங் என்ற அமைப்பு பாங்காக்கிலும் பட்டாயாவிலும் இருக்கிறது. பரிசோதனை, எச்.ஐ.வி. வராமல் தடுக்கத் தினமும் போடும் பிரெப் மாத்திரை எல்லாம் அங்கே கிடைக்கின்றன. கொடுப்பவர்களில் பலர் அதே தொழிலில் இருந்தவர்கள் என்பதால் வருகிறவர்களுக்குக் கூச்சம் இல்லை.

நான் மேலே புகழ்ந்த 100 சதவீத ஆணுறைத் திட்டத்துக்கும் இந்தப் பெண்கள் தரப்பில் ஒரு குறை உண்டு. கட்டாயப் பதிவு, கட்டாயப் பரிசோதனை என்று போலீஸின் பிடி அவர்கள் மேல்தான் இறுகியது, வாடிக்கையாளரிடம் யாரும் அட்டை கேட்கவில்லை என்கிறார்கள். நியாயமான குறை. அந்தத் திட்டம் லட்சக்கணக்கானவர்களைக் காப்பாற்றியது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

ஊக்குவிப்பு விவாதத்துக்கு அதிக இடம் தர மாட்டேன். ஆணுறை கொடுத்ததால் புதிதாகத் தொழிலுக்கு வந்த ஒரு பெண்ணையும் என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. கடனால் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், கணவன் விட்டுப்போனதால் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழில் செய்த பெண்களிடம் எடுத்த ரத்த மாதிரிகளில் அதைக் கண்டார்கள். அப்போதும் இதே விவாதம்தான். நோய் வெளியிலிருந்து வந்தது, இந்தப் பெண்களால் பரவியது என்று பேசினார்கள். அவர்களிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்த ஆண்களைப் பற்றிக் கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. தாய்லாந்தில் மெச்சாய் வீரவைத்யா என்பவர் சந்தைகளிலும் பள்ளிகளிலும் ஆணுறையை ஊதிக் காட்டிச் சிரிக்க வைத்துக் கூச்சத்தைப் போக்கினார். 1991இல் அமைச்சரானதும் வானொலி, தொலைக்காட்சி முழுக்க எய்ட்ஸ் விளம்பரம் போட வைத்தார். சுற்றுலா படுத்துவிடும் என்று பயந்தவர்களின் கணிப்பு பொய்த்தது, பயணிகள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

பாதுகாப்புக்கு இரண்டு ஆணுறை சேர்த்துப் போடலாமா? கூடவே போகும் முன் ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரை போட்டுக்கொண்டால் ஒன்றும் வராது என்று ஒரு நண்பர் சொல்கிறார்.
– பெயர் வேண்டாம், கோவை

இரண்டு போட்டால் ஒன்றோடொன்று உரசிக் கிழியும். ஒன்று போதும். தேங்காய் எண்ணெய், வாசலின், மசாஜ் கடை எண்ணெய் எதுவும் அதன் மேல் படக் கூடாது. எண்ணெய் பட்ட ரப்பர் சில நிமிடத்தில் வலுவிழந்துவிடும். மசாஜ் முடிந்த கையோடு தொடங்குகிறவர்களுக்கு உறை கிழிவதற்கு இது ஒரு காரணம். தண்ணீர் சேர்ந்த வழுவழுப்பு ஜெல் தனியாக விற்கிறார்கள், அதை வாங்குங்கள். பர்ஸில் வைத்துப் பின்பாக்கெட்டில் மாதக்கணக்கில் உட்கார்ந்து நசுக்கிய உறையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

நண்பரின் மாத்திரை எச்.ஐ.வி.யையோ ஹெர்பிஸையோ தொடாது. கண்டபடி போட்ட ஆன்டிபயாடிக்கால் வெட்டைக் கிருமி ஒவ்வொரு மருந்தாகத் தாண்டி வந்துகொண்டிருக்கிறது. தென்கிழக்கு ஆசியாவில் தொற்றிய வெட்டையோடு 2018இல் இங்கிலாந்தில் சிகிச்சைக்குப் போன ஒருவருக்கு வழக்கமான இரண்டு முக்கிய மருந்துகளும் வேலை செய்யவில்லை. கடைசியில் மருத்துவமனையில் வைத்து நரம்பு வழியாக வேறு மருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. போகும் முன் போட்டுக்கொள்ள வேண்டியது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. மூன்று தவணை, முடிய ஆறு மாதம் ஆகும். டிக்கெட் போட்ட பிறகு நினைத்தால் முழுப் பலன் கிடைக்காது, இப்போதே தொடங்குங்கள்.